வெல்லம் ஒட்டிய சுவர்

கோயம்புத்தூரில் அந்தக் காலத்தில் நாலு சுவர் எழுப்பி மேலே ஓடு போட்ட எவரும், 'சாம்பிள்காரர் என் வீட்டில் கை வைக்கவில்லை' என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. எங்கள் தெருக்கோடியில் இருந்த கோயில் மதில் ஒன்றுதான் அவரிடமிருந்து தப்பித்தது. அதற்குக் காரணம் கடவுளிடம் அவருக்கு இருந்த பயம் அல்ல. பூசாரியிடம் இருந்த பயம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் அதைக் கேட்டதில்லை. தபால்காரர்கூடத் தெருமுனையிலிருந்தே "சாம்பிள்காரரே, கடுதாசிங்கோ!" என்றுதான் குரல் கொடுப்பார். அவரும் அதற்குத்தான் திரும்புவார்.

தொழில் பஞ்சுத் தரகு. ஊரில் மில் சங்குகளின் சத்தம் கூடிக்கொண்டே போன முப்பதுகளில், பஞ்சு தெரிந்தவருக்கு நல்ல மரியாதை. தாராபுரம் பக்கத்திலிருந்து மூட்டைகள் வந்து இறங்கியதும், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மூட்டையின் வயிற்றுக்குள் முழங்கை வரை விட்டு ஒரு பிடி பஞ்சை உருவுவார். அதை எடுத்துக்கொண்டு வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் போய், ஒரு நீலக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். வெள்ளையின் குற்றம் நீலத்தின் மேல் வைத்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. உங்களுக்கும் எனக்கும் வெள்ளை என்றால் வெள்ளை. அவருக்கு அது ஒரு கூட்டுக் குடும்பம். பால் வெள்ளை, மோர் வெள்ளை, தேங்காய் வெள்ளை, துவைத்துத் துவைத்து அலுத்துப்போன வேட்டி வெள்ளை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரிப்பார். "செரி, இந்தச் சரக்கை எடுத்துக்கலாமுங்களா?" என்று மில்காரர் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"அவசரப்படாதீங்க. இன்னொரு சாம்பிள் பாத்துப்போடலாமுங்க."

பஞ்சோடு நின்றிருந்தால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. அவர் எங்கள் தெருவில் புது வீடு ஒன்று கட்டினார். முன் அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். அன்றைக்குப் பிடித்தது எங்கள் தெருவுக்குச் சனி.

எதிர்வீட்டில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தவர், தன் வாசல் சுவரில் முறம் அளவுக்கு மஞ்சள் பளபளப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் கொட்டாங்குச்சியும் கையுமாக நம்மவர்.

"ஏனுங்க, இதென்னங்க என்ற செவுத்துல?"

"மஞ்சளுங்க."

"அது எனக்கும் தெரியுதுங்க. ஆரு அடிச்சது?"

"நாந்தானுங்க. பதறாதீங்க, சாம்பிளுதான்."

"என்ற ஊட்டுக்கு மஞ்சள் அடிக்கற ரோசனையே எனக்கு இல்லீங்களே!"

"உங்க ஊட்டுக்கு ஆருங்க அடிக்கறாங்க? இது என்ற ஊட்டுக்கு."

டீச்சரம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "அப்ப உங்க செவுத்துல அடிச்சுப் பாக்கறதுதானுங்களே?"

"அங்கதான் டீச்சரம்மா எல்லாரும் ஏமாந்துபோறாங்க. விக்கறவன் கெடங்குலயே வெச்சுப் பாத்தா எல்லாச் சரக்கும் நல்லாத்தான் தெரியும். வெளிய கொண்டுபோயில்ல பாக்கோணும்? செவுத்தைப் பேத்து எடுத்துட்டா வர முடியும்? அதனால நெறத்தைக் கொண்டு வந்தேன். சித்த அதுக்கு முன்னால நில்லுங்க."

கோபமாக இருந்த டீச்சரம்மா, என்ன நினைத்தாரோ, நின்றார்.

"இன்னும் கொஞ்சம் அக்கட்ட. பைபிளை இந்தக் கையில புடிங்க. ம்... உங்களுக்கு எடுபடுதுங்க. எனக்கு எடுபடாது."

இதுதான் அவருடைய வித்தை. பஞ்சை நீலக் காகிதத்தில் வைத்துப் பார்த்துப் பழகிய மனிதர், சுவரை ஆளோடு சேர்த்துத்தான் பார்ப்பார். "செவுரு தனியா அழகா இருந்து என்னங்க ஆகுது? முன்னால ஒரு ஆளு நிக்கோணும். ஆளு எடுபட்டா அது நெறம். செவுரு எடுபட்டா அது வெறும் பூச்சு" என்பார். தெருவில் கீரை விற்றுக்கொண்டு போகிறவள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் எல்லோரும் அவருக்காக ஏதாவது ஒரு சுவருக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். டீச்சரம்மாவே ஒரு வாரம் கழித்து, "அந்த மஞ்சளுக்குப் பக்கத்துல கொஞ்சம் ஊதா போட்டுப் பாத்தா என்னங்க?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

சுண்ணாம்பில் கலந்த வர்ணத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். நேற்று அடித்த பச்சை காய்ந்திருக்கும். இன்று அடித்த நீலம் ஈரமாக இருக்கும். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? ஆகவே பச்சையை நனைப்பார். அது நீலத்தைவிட அதிகமாக நனைந்துவிடும். நீலத்தை நனைப்பார். நடு வெயிலில் ஒரு பெரிய மனிதர் தெருவில் நின்றுகொண்டு அடுத்தவர் வீட்டுச் சுவருக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வெளியூர்க்காரர்கள் சுவருக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள்.

அப்போதுதான் நீலகிரி மலையின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. எங்கள் தெருவில் முதலில் பல்ப் எரிந்தது மூலைக் காபி கிளப்பில்தான். மற்றவர்கள் பல்ப் பார்க்கப் போனோம். இவர் பல்பின் வெளிச்சத்தில் பச்சையைப் பார்க்கப் போனார். கொட்டாங்குச்சி, சுருட்டிய நீலக் காகிதம் சகிதம் போய், பல்புக்கு நேர் கீழே ஒரு தீற்று தீற்றிவிட்டார்.

"ஏனுங்க சாம்பிள்காரரே! சாப்பிடற எடத்துல பாசி புடிச்ச மாதிரி இதென்ன அழும்பு?" என்று கிளப்காரர் கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தார்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! பகல்ல கிளிப்பச்சை. பல்புக்கு அடியில பாசி. இது தெரியாம ஊட்டுக்கு அடிச்சிருந்தேன்னா என்ற கதி என்னங்க ஆகறது?"

"என்ற கதியை ஆரு கேக்கறது?"

அதற்குள் காபி குடிக்க வந்தவர்கள், அது பாசியா, பசுந்தழையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். வாக்குவாதம் முற்ற முற்ற எல்லோரும் இன்னொரு காபி சொன்னார்கள். கிளப்காரர் கல்லாவுக்குத் திரும்பிப் போய், அடுத்த வாரம் ரோஸ் அடித்துப் பார்க்கச் சொன்னார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அவர் வீட்டுப் பின்கட்டில் இருந்த ஓர் அறையில் நான் குடியிருந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு பஞ்சுக் கிடங்கில் எடை போடும் வேலையில் சேர்ந்தவன். தராசோடு வேலை என்பதால் யாரிடமும் பேச வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. புது ஆள் யாராவது எதிரில் உட்கார்ந்து ஏதாவது கேட்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இதனால் இரண்டு கல்யாணப் பேச்சு கெட்டுப்போயிருந்தது. முதல் இடத்தில், "மாப்பிள்ளை எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்கள். நான் கூரையைப் பார்த்தேன். இரண்டாவது இடத்தில் பாவம், சுலபமாகத்தான் கேட்டார்கள்: "உங்கூர்ல வெய்யில் அதிகமுங்களா?" அதற்கும் கூரைதான். இரண்டு இடத்திலும் எழுந்திருக்கும்போது ஒரே மாதிரி சொன்னார்கள்: "போயிச் சொல்லி அனுப்பறோமுங்க." அனுப்பவில்லை. பையனுக்குப் பேச்சு வராது என்று ஊரில் பேர் கட்டிவிட்டார்கள்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருந்த அக்காதான் எல்லாம். அவள் மூன்றாவதாக ஓர் இடம் பார்த்துவிட்டு, கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் தவறிப்போச்சுன்னா நான் இனிப் பாக்க மாட்டேன், கண்ணு. காவி வாங்கித் தாரேன், கட்டிக்கிட்டு மலை ஏறிக்கோ."

பெண் பார்க்கப் பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனேன். பெண் வந்து காபி வைத்தாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. குடித்துவிட்டுக் கீழே வைத்தபோது காலி டம்ளர் நழுவித் தரையில் உருண்டது. சத்தம் கேட்டு எல்லோரும் திரும்புவதற்குள், சேலைக் கரைக்குக் கீழிருந்து ஒரு கால் வந்து அதை மெதுவாக நிறுத்தி, என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டது. நடந்தது ஒருவருக்கும் தெரியாது. கட்டினால் இந்தக் காலுக்கு உரியவளைத்தான் கட்டுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்தால் போதாது. பெண் வீட்டார் வந்து, மாப்பிள்ளை இருக்கும் வீட்டைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் நாள் குறிப்பார்கள். அக்கா பிள்ளை பெற்றுப் படுத்திருந்ததால் வர முடியவில்லை. என் பக்கத்துப் பெரியவராக நிற்க சாம்பிள்காரரை விட்டால் ஆள் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் ஒளி வீசியது. வந்து என் அறையின் புகை படிந்த சுவரைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே. ரூம்புக்கு நெறம் என்ற பொறுப்பு. புள்ளை என்ன நெறம்?"

"பாக்கலீங்க."

"பொண்ணுப் பாக்கத்தானே போனே?"

"ஆமாங்க. கால் மட்டுந்தானுங்க பாத்தேன்."

வேறு யாராக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவர். மூட்டை முழுவதையும் பிரித்தா பஞ்சு பார்க்கிறோம்?

"போதும். காலு சாம்பிளு. காலு என்ன நெறம்?"

நான் நெடுநேரம் யோசித்து, "வெல்லம் மாதிரிங்க" என்றேன்.

"எந்தச் சந்தை வெல்லம்?"

"சந்தை தெரியலீங்க" என்றேன். மறுநாள் சாயங்காலம் ஒரு துணி நிறைய வெல்லம் வந்து இறங்கியது. கருத்தது, சிவந்தது, பொன்னிறமானது என்று கடைத்தெருவில் கிடைத்த அத்தனை வகையிலும் ஒவ்வொரு கட்டி. சுவரில் ஏற்கெனவே ரோஸ், ஊதா, பச்சை, மஞ்சள், பேரே இல்லாத இன்னும் சில நிறங்கள் என்று சதுரம் சதுரமாக அடித்து வைத்திருந்தார். வெல்லக் கட்டியின் ஒரு பக்கத்தை நனைத்து, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் அழுத்தி ஒட்டினார்.

"கண்ணை மூடு. காலை நெனை. தொற. இதா?"

"இது முத்தினதுங்க."

"இது?"

"இது மாதிரிதானுங்க... டம்ளர் பக்கத்துல இருந்ததால சரியாத் தெரியலீங்க."

ஓடிப்போய் ஒரு டம்ளர் கொண்டுவந்து வெல்லத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் மறுபடியும் கண்ணை மூடினேன். இப்படியே பல நாள் நடந்தது. நிறம் மட்டும் முடிவாகவில்லை. ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு ஒரே வெள்ளையாக அடித்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுப்பேன். வாய் வராது. அவர், "இன்னொரு சாம்பிள் பாத்துப்போடலாம்" என்பார். இதற்கிடையில் ஊரிலுள்ள எறும்புகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டது.

மத்தியான பஸ்ஸுக்கு வருவதாகச் சொன்ன பெண் வீட்டார் காலை பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். முதலில் பார்த்தது டீச்சரம்மாதான். தன் வீட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "தம்பி, அவங்க தெருமுனையில வாராங்க! இன்னிக்கு ஒரு நாளைக்காவது அந்த மனுசனை ஒரு ரூம்புல போட்டுப் பூட்டுங்க!"

பூட்டுவதற்கு அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமே. அவர் என் அறையில் ஈரச் சுவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். அதற்குள் பெண்ணின் அப்பாவும் அத்தையும் வாசல்படி ஏறிவிட்டார்கள்.

அப்பா தலையில் உருமாலை கட்டிய ஆள். கரும்புக் காடும் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகையும் அவருக்கு உண்டு. அத்தை அவருக்கு மூத்தவர். அந்த வீட்டில் அவர் தலையசைத்தால்தான் அடுப்பே எரியும் என்று அக்கா சொல்லியிருந்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள். நான் கூரையைப் பார்க்கத் தயாரானேன். ஆனால் அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. இருவர் பார்வையும் எனக்குப் பின்னால் இருந்த சுவரில் குத்திட்டு நின்றது.

"ஏனுங்க," என்றார் அத்தை மெதுவாக, "செவுத்துல என்னங்க, வெல்லமா ஒட்டியிருக்குது?"

சாம்பிள்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அது உங்க புள்ளைங்க" என்றார்.

நான் காவி வேட்டியை நினைத்துக்கொண்டேன். பெண்ணின் அப்பா உருமாலையை அவிழ்த்து மடியில் வைத்தார். டீச்சரம்மா வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்னங்க சொன்னீங்க?"

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. புள்ளை வந்து வாழப்போற ரூம்பு. நெறம் அதுக்கு எடுபடோணுமில்லீங்களா? தம்பி காலை மட்டுந்தான் பாத்தானாம். காலை வெச்சு வெல்லத்தைப் புடிச்சோம். வெல்லத்தை வெச்சு நெறத்தைப் புடிக்கறோம்."

அத்தை எழுந்தார். புறப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் நேராகச் சுவருக்குப் போனார். நான் தேர்ந்தெடுத்ததாகச் சாம்பிள்காரர் காட்டிய கட்டியின் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதா எங்க புள்ளை? எந்தக் கண்ணு பாத்துச்சு இதை? எங்க புள்ளை இத்தனை கருப்புங்களா? இதா, இதுதான்" என்று பொன்னிறக் கட்டியின் மேல் விரலை வைத்தார்.

"அக்கா, அதிகமாச் சொல்லாதீங்க" என்றார் பெண்ணின் அப்பா. "அது பாகு எளசா இருக்கும்போதே எறக்குனது. நம்ம புள்ளை அத்தனை வெளுப்பெல்லாம் இல்ல. இதுக்கும் அதுக்கும் நடுவால."

"நீ எப்படா அவளைப் பகல்ல பாத்தே? விடியக் காட்டுக்குப் போறே, வெளக்கு வெச்சு வாரே."

"பெத்தவனுக்குத் தெரியாதுங்களா? வெல்லத்தைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

அவரும் எழுந்து வந்துவிட்டார். ஒரு கட்டியைப் பெயர்த்து எறும்பைத் தட்டிவிட்டு, ஒரு மூலையைக் கடித்துப் பார்த்தார். "இது எந்தக் கடைங்க? மண்ணு கலந்திருக்குது. எங்க புள்ளைக்கு இதையா வெச்சுப் பாத்தீங்க?" என்று சாம்பிள்காரரைக் கடிந்துகொண்டார். தன் பையிலிருந்து, எங்களுக்காகக் கொண்டுவந்திருந்த சொந்த ஆலை வெல்லத்தை எடுத்தார். அண்ணன் தம்பி போலப் பழகி, இரண்டு பேருமாக அதைச் சுவரில் ஒட்டினார்கள்.

"இதுதானுங்க எங்க புள்ளை" என்றார் அப்பா. அத்தை கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ம், இது அவதான்" என்று ஒப்புக்கொண்டார். நானும் பார்த்தேன். டம்ளரை நிறுத்திய அதே கால்தான்.

அதன் பிறகு அந்த அறையில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் சுவரைத்தான். ரோஸ் ஆகாது, புள்ளை கருத்துத் தெரிவாள் என்றார் அத்தை. காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும், கட்டில் எந்தப் பக்கம் போடுவது, அடுப்புப் புகை இந்தப் பக்கம் வருமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பொங்கலுக்குப் பொங்கல் மறுபடி அடிக்க வேண்டும் என்றார். ஊதாவுக்கு முன்னால் டீச்சரம்மாவை நிறுத்திப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் பச்சை பிடித்தது. அத்தை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டது போல ஓர் இளமஞ்சள் சதுரம் மூலையில் கண்ணில் பட்டது. அத்தை வெல்லக் கட்டியைப் பெயர்த்து அதன் நடுவில் ஒட்டினார். 

"எங்க புள்ளை இதுக்கு முன்னால நின்னா வெளக்கு ஏத்துன மாதிரி இருக்குமுங்க" என்றார் அத்தை.

"அப்பச் செரிங்க அக்கா. இதையே முடிச்சு, நாளும் குறிச்சுப்போடலாம்" என்றார் அப்பா.

அந்த வார்த்தை என் வயிற்றில் பால் வார்த்தது. அந்தப் பால் உள்ளே இறங்குவதற்குள் சாம்பிள்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"அவசரப்படாதீங்க. இது இன்னும் ஈரமுங்க. காயட்டும். பகல்ல மட்டுந்தானே பாத்தோம்? ராந்தல் வெளிச்சத்துல பாக்கோணும், பல்புல பாக்கோணும். அடுத்த வாரம் வாங்க. இன்னொரு சாம்பிள் பாத்துப்போடலாமுங்க."

அப்பா யோசித்தார். "அதுவும் ஒரு கணக்குக்குச் செரிதானுங்க அக்கா. பெரியவர் வெவரம் தெரிஞ்சவரு. போயிட்டு, பொறவு சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்பறோம்! இரண்டு முறை கேட்ட அதே வார்த்தை. அத்தை பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அப்பா உருமாலையைக் கட்ட ஆரம்பித்தார்.

"வேண்டாமுங்க!"

யாரோ கத்தினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தபோதுதான் அது நான் என்று தெரிந்தது. தொடங்கிவிட்டதால் நிறுத்தவும் தெரியவில்லை.

"இந்த மஞ்சளே இருக்கட்டுமுங்க! காஞ்சாலும் இதுவே போதும், ராந்தலுக்கும் இதுவே போதும், பல்பு நான் போடவே மாட்டேனுங்க! எங்கூர்ல வெய்யில் அதிகமில்லீங்க! நான் பஞ்சுக் கிடங்குல வேலை பாக்கறேனுங்க!"

இரண்டு பழைய கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க நின்றேன்.

"பையனுக்குப் பேச்சு வராதுன்னாங்களே?" என்றார் அப்பா, பாதி கட்டிய உருமாலையோடு.

"வருதே! தேவைக்கு வருது" என்று அத்தை பையைத் திரும்பக் கீழே வைத்தார். "இதுக்கு மேல ஒரு ஆம்பளை பேசி என்ன பண்றது? நாள் பாருடா."

தை மாதம் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தன்றுதான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். காலை வைத்துப் போட்ட கணக்கு தவறவில்லை. சாம்பிள்காரருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மஞ்சள் காய்ந்ததும் இரண்டு படி வெளுத்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம், "ஈரத்துல முடிவு பண்ணிப்போட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்" என்று குறைப்பட்டுக்கொள்வார். ஆனால் என் மனைவி அந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்து அரிசி புடைக்கும்போது, பின்கட்டுப் பக்கம் வருகிறவர் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

என்னைப் போல அவளுக்கு வாய் ஒட்டிக்கொள்ளாது. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க பெரியவரே, ஊருக்கெல்லாம் நெறம் பாக்கறீங்க. உங்க முன்ரூம்பு மட்டும் ஏனுங்க இப்பிடி மொட்டைச் செவுரா நிக்குது?"

அது நிஜம். அத்தனை வருஷத்தில் அவர் தன் சுவரில் ஒரு தீற்றுகூடப் போட்டதில்லை. வெறும் சாம்பல் பூச்சு. அவருடைய சம்சாரம் அந்த வீடு கட்டுவதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை.

"முன்னால நிக்கறதுக்கு ஆளு வேணுமில்ல கண்ணு?" என்றார், இன்றைக்குப் பஞ்சு வரத்து குறைவு என்று சொல்வது போல. சொல்லிவிட்டு, டீச்சரம்மா வீட்டுச் சுவருக்கு விசிறப் போய்விட்டார்.

பருத்தி வரத்து ஆரம்பித்ததும் அவர் தாராபுரம் போனார். திரும்பி வரச் சில நாள் ஆகும். அவர் பஸ் ஏறிய உடனே என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எங்கள் அறைக்கு வாங்கியதில் மிஞ்சிய பொடி இருந்தது. அவள் கலக்கினாள், நான் ஏணி மேல் நின்று அடித்தேன். ஒரு சாம்பிள்கூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு டீச்சரம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வந்து பாத்தா அந்த மனுசனுக்கு மயக்கம் வந்துரும்" என்றார். சொல்லிவிட்டு, சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை என் கையிலிருந்து வாங்கி, எட்டிய மட்டும் அவரும் ஒரு பக்கம் அடித்தார்.

அவர் வந்தார். முன் அறை வாசலில் நின்றார். கையிலிருந்த பை கீழே இறங்கியது. அவர் எங்களைத் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் வழக்கம் போல நீலக் காகிதத்தை விரித்து, ஜேபியிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்து அதில் வைத்தார். சுவரைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அதுக்கு முன்னால நில்லுங்க" என்றார்.

நின்றோம். அவர் இந்தப் பக்கமிருந்து பார்த்தார்; அந்தப் பக்கமிருந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். 'இன்னொரு சாம்பிள்' வரப்போகிறது என்று நாங்கள் இருவரும் தயாராக நின்றோம். அது வரவில்லை. பஞ்சை மெதுவாகச் சுருட்டி ஜேபியில் போட்டுக்கொண்டார்.

"எறும்பு வராமப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கிணற்றடிக்கு முகம் கழுவப் போனார். முகம் கழுவ அவர் அன்றைக்கு அத்தனை நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது கடைகளில் நிறங்களை அச்சடித்த அட்டை தருகிறார்கள். விரலை வைத்தால் போதும். ஆனாலும் எங்கள் வீட்டில் எந்த அறைக்கு எந்த நிறம் அடித்தாலும், முதலில் முறம் அளவுக்கு ஒரு மூலையில் மட்டும் அடித்துவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிடுகிறோம். அவர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.